மாம்பூவின் மேல் பழி

நல்லூர்த் திருவிழாக் காலம். கனடாவிலிருந்து ஊருக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் கதிரையில் அமரும் முன்பே ஏழு தடவை தும்மினார். எண்ணிக்கொண்டிருந்தேன், தொழில் பழக்கம். எட்டாவது தும்மல் முடிந்ததும் கைபேசியை என் முன்னால் நீட்டினார்.

"இங்கே பாருங்கள் டொக்டர். யாழ்ப்பாணத்தில் மகரந்தம் குறைவு என்று காட்டுகிறது. ரொறன்ரோவில் ஆகஸ்ட் நடுப்பகுதியில் ராக்வீட் என்ற களை பூக்கத் தொடங்கினால் எனக்கு மூக்கு ஓயாது. அதற்குத் தப்பித்தானே இங்கே வந்தேன்!"

மகரந்தத்தை உண்மையாகவே எண்ணுகிற இடங்களில் கூரைமேல் ஒரு கருவி நிற்கும். நிமிடத்துக்கு 10 லீற்றர் காற்றை உறிஞ்சி, பசை தடவிய நாடாவில் படியவிடும். பிறகு யாரோ ஒருவர் நுண்ணோக்கிக்குக் கண்ணைக் கொடுத்து, ஒரு கன மீற்றர் காற்றில் எத்தனை மணிகள் என்று கணக்கிடுவார். அப்படி எண்ணாத ஊர்களுக்குக் கைபேசி காட்டுவது, தாவர வரைபடத்தையும் வானிலையையும் வைத்துக் கணினி போட்ட கணக்கு. உங்கள் வீட்டுக் கோடியில் என்ன வளர்கிறது என்பது அதற்குத் தெரியாது.

அதைத்தான் அவரிடம் கேட்டேன். "கோடியில் என்ன நிற்கிறது ஐயா?"

"வாழை நிற்கிறது. வாய்க்கால் ஓரமாகக் கரட் இலை மாதிரி ஏதோ பூண்டு, சின்னச் சின்ன வெள்ளைப் பூ. நான்தான் தினமும் காலையில் பிடுங்கிப் போடுகிறேன்."

மறுநாள் அதில் ஒரு பிடியை ஷொப்பிங் பைக்குள் முடிந்து கொண்டுவந்தார். பையை அவிழ்க்க வேண்டாம் என்று கெஞ்சவேண்டியிருந்தது. பார்த்தீனியம்! ராக்வீட்டும் பார்த்தீனியமும் சூரியகாந்திக் குடும்பத்தில் நெருங்கிய உறவு. ஒன்றுக்கு ஒவ்வாமை கொண்ட உடம்பு மற்றதையும் அடையாளம் கண்டுகொள்ளும். ரொறன்ரோவில் தம்பியிடம் தப்பி வந்தவர், இங்கே அண்ணனை வெறுங்கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

பார்த்தீனியத்தின் தொல்லை மூக்கோடு நிற்பதில்லை. தோட்டக்காரர்கள் சிலருக்கு முகம், கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்துக் கறுத்துச் சொறியும். வெயிலால் வந்தது என்று நினைத்து வருடக்கணக்கில் பேசாமல் இருந்துவிடுவார்கள். பிடுங்குவதானால் பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறையும் நீளக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு பிடுங்குங்கள். ஒரு செடியே பல்லாயிரம் விதை போடும் என்பதால் பூத்தபின் பிடுங்கினால் பாதி வேலைதான் நடக்கும். ஏற்கெனவே சொறியோ தொய்வோ (ஆஸ்துமா) உள்ளவர் அந்தப் பக்கம் போகாமல் வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது.

இனி மாம்பூ. மாமரம் பூத்துக் குலுங்கும் மாதங்களில் வருகிறவர்களில் பலர், "முற்றத்து மாமரம் பூத்ததிலிருந்துதான் தும்மல்" என்பார்கள். வேம்பு பூக்கும்போது பழி வேம்புக்கு மாறும். ஒருவர் மரத்தையே தறித்துவிட்டு வந்தார். தும்மல் மட்டும் போகவில்லை. மாம்பூவும் வேப்பம்பூவும் ஈயையும் தேனீயையும் நம்பியிருப்பவை. அவற்றின் மகரந்தம் பெரும்பாலும் பூவிலேயே ஒட்டிக்கிடக்கும். வாசனை சிலருக்கு மூக்கை உறுத்தலாம், அது வேறு கதை. காற்றை நம்பியிருக்கும் செடிக்கு நிறமும் வேண்டாம், மணமும் வேண்டாம். அதனால் நாமும் அதைக் கவனிப்பதில்லை. பிள்ளையாருக்குச் சாத்துகிற அறுகு அப்படிப்பட்டது. மாரி மழை குடித்து வளர்ந்து, வேலியோரத்தில் விரல் விரித்தாற்போல் கதிர் விடும். அந்தக் கதிரைத் தட்டினால் பறக்கும் தூளை யார் பார்த்திருக்கிறோம்?

மெல்பேர்ணில் பிள்ளைகள் இருப்பவர்கள் புல்லின் கதையை இன்னும் கொஞ்சம் கேட்கவேண்டும். 2016 நவம்பர் 21 அன்று அங்கே இடிமழையோடு ஒரு காற்று அடித்தது. முழுப் புல் மகரந்தம் பருமனானது, மூக்கோடு நின்றுவிடும். ஈரத்தில் ஊறி வெடித்த துணுக்குகளோ நேரே நுரையீரலுக்குள் இறங்கின. 10 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் தெற்காசிய வம்சாவளியினர் குடித்தொகை விகிதத்தைவிட அதிகம். தொய்வே இல்லை, வெறும் தும்மல்தான் என்றிருந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். அங்கே இளவேனிலில் தும்முகிற பிள்ளையிடம், இடிமழைக்கு முன் யன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கச் சொல்லுங்கள்.

நம் ஊரில் காலத்தைக் காற்றை வைத்துத்தான் பிரிக்கவேண்டும். தென்மேற்குக் காற்றான சோளகம் செம்மண் புழுதியைக் கிளப்பும். வாடை கடல் தாண்டி வருவதால் சுத்தம் என்று நம்பினோம். 2022 டிசம்பரில் இந்தியப் பக்கத்துப் புகைமாசு அதே வாடையில் வந்து, பள்ளிக்கூடங்களை மூடவேண்டி வந்தது. போதாததற்கு விடியற்காலையில் முற்றம் கூட்டிச் சருகுக்கு நெருப்பு வைக்கும் நம் பழக்கம். இதை எத்தனை வீடுகளில் சொல்லியிருப்பேன்! யாரும் கேட்பதாக இல்லை.

கடற்கரை ஊருக்கு இன்னொரு சொத்து உண்டு. ஈரப்பதம். அதை நம்பி வாழ்வது தூசிப்பூச்சி, கண்ணுக்குத் தெரியாத எட்டுக்கால் உயிர். இலவம்பஞ்சுத் தலையணை அதற்கு அரண்மனை. வருடம் முழுவதும், அதுவும் எழும்பியதும் தும்முகிறவர் மகரந்தத்தைத் தேடும் முன் தலையணையைச் சந்தேகிக்கட்டும். உறையைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவையுங்கள். தலையணையை நல்ல வெயிலில் போடுங்கள், ஆனால் புல் கதிர் விட்ட வேலியின் மேல் போடாதீர்கள்.

"இவனுக்கு வருடம் முழுவதும் தடிமன்" என்று தாய்மார் கூட்டிவரும் பிள்ளைகளைப் பார்த்ததும் பாதி தெரிந்துவிடும். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்கின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கும். காய்ச்சல் இருக்காது, சளி தண்ணீராக ஓடும், கண் கடிக்கும். தடிமன் இப்படி மாதக்கணக்கில் இராது.

மருந்தில் நான் அடிக்கடி காணும் தவறு மூன்று. சின்ன மஞ்சள் குளிசையைப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறுவது ஒன்று. தூக்கம் தராத குளிசைகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். மூக்கடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விடுவது அடுத்தது. ஐந்து நாளைத் தாண்டினால் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும். மூன்றாவது, ஸ்டீரொயிட் மூக்கு ஸ்பிரேயை இரண்டு நாள் அடித்துப் பார்த்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று எறிவது. அதற்கு ஒன்றிரண்டு வாரம் வேண்டும். வலது கையால் இடது மூக்கு, இடது கையால் வலது மூக்கு. நுனி நடுத் தண்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம், கண்ணின் ஓரத்தைப் பார்க்கட்டும்.

தொய்வு உள்ளவர் ஒரு வசனத்தை மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்க முடியவில்லையா, பம்ப் அடித்தும் இளைப்பு அடங்கவில்லையா, விடியட்டும் என்று காத்திராமல் அம்புலன்ஸுக்கு 1990 என்ற எண்ணில் அழையுங்கள்.

பெரியவருக்கு மருந்தோடு ஒரு 40 பக்கக் கொப்பியும் வாங்கச் சொன்னேன். எங்கே நின்றேன், என்ன காற்று, எத்தனை தும்மல், அவ்வளவுதான் எழுதவேண்டும். இரண்டு வாரத்தில் கொண்டுவந்தார். "வாழைக்கு இறைப்பு, 14." "தேர், புழுதி, 9." "பூண்டு பிடுங்க ஆள் பிடித்தேன், நான் உள்ளே, 3." இடையில் ஒரு நாளுக்கு நேரே எண்ணே இல்லை. "நயினாதீவு. கைக்குட்டையை எடுக்கவில்லை" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.