சிறுநீர்ப்பைச் சுவர் ஏன் தடிக்கிறது?

வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டும் முன்பே பிரித்துப் படித்துவிடுகிறோம். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஸ்கேன் சென்டர் வாசல்களில் தினமும் நடப்பது இது. சிறுநீர்ப்பையின் சுவர் தடித்திருப்பதாக அதில் ஒரு வரி இருந்துவிட்டால் போதும், வீடு போய்ச் சேருவதற்குள் மனம் புற்றுநோய்வரை போய்விடுகிறது. அந்த வரி சொல்வது ஓர் அளவை மட்டும்தான். என்ன நோய், எதனால் வந்தது என்பதெல்லாம் அதில் இல்லை.

அந்த அளவை எடுக்கும் விதத்தைப் பார்த்தால் பாதிப் பயம் தெளியும். அடிவயிற்றில் பசையைத் தடவிக் கருவியை அழுத்தும்போது, திரையில் சிறுநீர் கறுப்பாகவும் அதைச் சுற்றிய சுவர் சாம்பல் நிறப் பட்டையாகவும் தெரியும். பட்டையின் உள்விளிம்பில் ஒரு புள்ளி, வெளிவிளிம்பில் ஒரு புள்ளி. இடைப்பட்ட தூரம்தான் சுவரின் தடிமன். நன்றாக நிறைந்த பையில் சுமார் 3 மில்லிமீட்டர் வரையிலும், சரியாக நிறையாத பையில் 5 மில்லிமீட்டர் வரையிலும் இயல்பு என்று பொதுவாகக் கொள்கிறார்கள். ரப்பர் ஷீட்டை இழுத்துப் பிடித்தால் மெலிவதும் விட்டால் பழையபடி தடிப்பதும் போலத்தான் இதுவும். பேச்சிப்பாறையிலிருந்தோ குலசேகரத்திலிருந்தோ பஸ்ஸில் வந்து, அடக்க முடியாமல் சிறுநீர் கழித்துவிட்டு அவசரமாகப் போய்ப் படுத்தால், ஆரோக்கியமான பையும் தடித்துத்தான் தெரியும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, ஸ்கேன் எடுத்தபோது பை நிறைந்திருந்ததா என்பதே.

பை நிறைந்திருந்தும் சுவர் தடித்திருக்கிறது என்றால், அதன் வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும். சுவரின் உட்புறம் சிறுநீர் ஊடுருவ முடியாத மெல்லிய படலம். அதற்கு வெளியே பின்னலாக ஓடும் டெட்ரூசர் என்ற தசை. சிறுநீரகங்களிலிருந்து சொட்டுச் சொட்டாக வரும் நீருக்கு இடம்கொடுத்து இந்தத் தசை தளர்ந்துகொண்டே போகும். உள்ளே 400 மில்லிலிட்டர் சேர்ந்தாலும் அழுத்தம் பெரிதாக ஏறாது. கழிக்கும்போது தசை இறுகும், பையின் அடியில் உள்ள வாயில் திறக்கும், பை காலியாகும்.

வாயில் சரியாகத் திறக்காவிட்டால்தான் சிக்கல். ஆண்களுக்கு ஐம்பது வயதைத் தாண்டினால் பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர்க் குழாயை நெருக்குவது சாதாரணம். வழி குறுகியதால் தசை கூடுதல் விசையோடு தள்ள வேண்டியிருக்கிறது. தினமும் பலமுறை அப்படித் தள்ளித் தள்ளித் தசை இழைகள் பருக்கின்றன, சுவர் தடிக்கிறது. தொடக்கத்தில் இது உதவிதான். நீரோட்டம் ஓரளவு சமாளிக்கும். பிறகு தடித்த தசை பொறுமை இழக்கிறது. பை பாதி நிறைவதற்குள்ளேயே துடித்து அவசரப்படுத்துகிறது, இரவில் மூன்று நான்கு முறை எழுப்புகிறது. இழைகளுக்கு நடுவே கொலாஜன் என்ற நார்ப்பொருள் படியப் படியச் சுவர் விறைக்கும். உட்புறம் வரிவரியாகப் புடைக்கும். வரிகளுக்கு இடையே பலவீனமான இடங்கள் வெளியே பிதுங்கிச் சிறு பைகளாகும். அவற்றில் தேங்கும் சிறுநீரில் கிருமி வளரும், கல் சேரும். கடைசியில் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகங்களையே வீங்க வைக்கும். இதில் வலி இல்லாமல் போவதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. ‘வயசானா அப்படித்தான்’ என்று எத்தனையோ பெரியவர்கள் முக்கி முக்கிக் கழித்துக்கொண்டே வருடங்களைத் தள்ளுகிறார்கள்.

இதே அடைப்பு பிறக்கும் முன்பேயும் வரலாம். சில ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர்க் குழாயில் வேண்டாத சவ்வு ஒன்று மறித்துக்கொள்ளும்; கர்ப்பகால ஸ்கேனிலேயே பை பெருத்து, சுவர் தடித்து, சிறுநீரகங்கள் வீங்கித் தெரியும்.

வழியில் அடைப்பே இல்லாமல், நரம்பு வழியே வரும் கட்டளை குழம்புவதும் உண்டு. பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்து தண்டுவடம் அடிபட்டவர்களை நம் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் தெரியும். அவர்களில் பலருக்குப் பை இறுகும் அதே நேரத்தில் வாயில் தசையும் இறுகிக்கொள்கிறது. மூடிய கதவோடு மல்லுக்கட்டும் தசை வெகு சீக்கிரம் தடிக்கும். கால்கள் செயலிழந்ததையே எல்லோரும் பார்க்கிறோம். அவர்களது சிறுநீரகங்களைக் காப்பாற்ற வேண்டுமானால் பையையும் ஆயுள் முழுவதும் கவனிக்க வேண்டும். நாள்பட்ட சர்க்கரை நோயும் நரம்புகளைக் கெடுத்து, பை நிறைந்ததே தெரியாமல் ஆக்கிவிடும்.

பெண்களுக்கு அடிக்கடி வரும் காரணம் கிருமித் தொற்று. எரிச்சல், கடுப்பு, கலங்கிய சிறுநீர், சில நேரம் காய்ச்சல். பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா மேலேறி வந்து உட்படலத்தை அழற்சிக்கு உள்ளாக்க, சுவர் நீர்கோத்து வீங்குகிறது. தொற்று நீங்கினால் இந்தத் தடிப்பும் இறங்கும். ஆனால் முந்திரி ஆலையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்று சொல்லி அனுப்பினால் போதாது. வேலை இடத்தில் சுத்தமான கழிப்பறை இருந்தால்தான் அவர் தண்ணீர் குடிப்பார். இல்லாவிட்டால் குடிக்காமலும் அடக்கியும் சமாளிப்பார், தொற்று திரும்பத் திரும்ப வரும்.

காசநோய், பையில் உள்ள கல், கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கொடுத்த கதிர்வீச்சு, நீண்டநாள் கதீட்டர் (சிறுநீர் வடிய வைக்கும் குழாய்), சைக்ளோபாஸ்பமைடு என்ற புற்றுநோய் மருந்து ஆகியவையும் சுவரைத் தடிக்க வைக்கும்.

இனி புற்றுநோய். மேலே சொன்னவற்றில் பெரும்பாலும் சுவர் சுற்றிலும் ஒரே சீராகத் தடிக்கும். ஒரே இடத்தில் மட்டும் மேடுபோலத் தடித்திருந்தால் உடனே ஆராய வேண்டும். வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால் இன்னும் அவசரம். பீடி, சிகரெட்டின் நச்சுப் பொருள்களைச் சிறுநீரகம் வடித்துப் பையில் சேர்க்கிறது. அவை அங்கே மணிக்கணக்கில் படலத்தைத் தொட்டுக்கொண்டே தங்குகின்றன. ஒருமுறை சிவப்பாகப் போய்விட்டு, மறுநாளே தெளிந்து, மாதக்கணக்கில் மறுபடி வராமலும் இருக்கலாம். சூடு என்று நினைத்து இளநீர் குடித்துவிட்டு அதை மறந்துவிடாதீர்கள். வலி இல்லை என்பதற்காகத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

டாக்டர் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் சிறுநீர்ப் பரிசோதனை, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தக் கிரியாட்டினின், கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்ற அளவு. சந்தேகம் இருந்தால் மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே விட்டு நேரில் பார்ப்பார்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் இதுபற்றிக் கேட்கலாம். அடைப்பு காரணமாக இருந்து, மாத்திரையாலோ அறுவைச் சிகிச்சையாலோ அது நீங்கினால், பருத்த தசை சில மாதங்களில் ஓரளவு மெலிகிறது. கொலாஜன் படிந்து விறைத்துப்போன பகுதி மட்டும் அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை.