பேர் கேக்காத மெயில்

திருப்பூர்ல சின்ன சின்ன கம்பெனிகளுக்கு மெயிலு, நெட்வொர்க்கு பாத்துக்கறதுதான் என் பொழப்பு. போன மாசம் ஒரு பனியன் கம்பெனில இருந்து அக்கவுன்டன்ட் பொண்ணு அழுதுட்டே போன் பண்ணுச்சு. நூல் சப்ளையர்கிட்ட இருந்து "பேங்க் அக்கவுன்ட் மாத்திட்டோம், இனி இதுல போடுங்க"ன்னு மெயில் வந்துருக்கு, பழைய பில்லு, பழைய பேச்சு எல்லாம் கீழயே இருக்கு, நம்பி 12 லட்சம் ஆர்டிஜிஎஸ் பண்ணிருச்சு, நாலு நாள் கழிச்சு நூல்காரர் "பணம் எங்கங்க"ன்னு கேக்கறப்பதான் தெரிஞ்சுது.

"அண்ணா, அவங்க ஐடிதான, பாத்துதான போட்டேன்"னு திரும்ப திரும்ப சொல்லுச்சு. ஐடிய பெருசாக்கி காட்டினேன். 'm' இருக்க வேண்டிய எடத்துல 'r', 'n' ரெண்டும் சின்ன எழுத்துல ஒட்டி நிக்குது, கண்ணாடி போட்டு பாத்தாலும் 'm'தான். ரெண்டு கம்பெனில ஏதோ ஒண்ணோட மெயில்பாக்ஸ்குள்ள எவனோ பூந்து பொறுமையா படிச்சுட்டு இருந்துருக்கான்.

இது இன்னைக்கு வந்த கோளாறு இல்லீங்க. 1971ல ரே டாம்லின்சன்னு ஒரு இன்ஜினியர் நெட்வொர்க்ல மொத மெயில் அனுப்புனப்ப, இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்ல இருந்தது கொஞ்சம் யுனிவர்சிட்டியும் ஆராய்ச்சி ஆளுங்களும்தான், நீ யாருன்னு கேக்க வேண்டிய அவசியமே இல்ல. 1978லயே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் ஏறக்குறைய 400 பேருக்கு விளம்பர மெயில தட்டிவிட்டு நல்லா வாங்கிக்கட்டுனாரு, அப்பவாச்சும் முழிச்சிருக்கலாம். ஆனா மெயில் எப்படி போகணும்னு 1982ல எழுதுன எஸ்எம்டிபி விதிலயும் அனுப்பறது நெசமாவே அந்த ஆள்தானான்னு பாக்கற வேலை கிடையாது, போஸ்ட் கவர்ல அனுப்புநர்னு யார் பேர வேணாலும் எழுதலாம்ல, அதே கதை. மெயில் அந்த டொமைன்ல (ஐடில @க்கு அப்பறம் வர்ற பேரு) இருந்துதான் வருதான்னு பாக்கற எஸ்பிஎஃப், டிகேஐஎம் பூட்டெல்லாம் ரொம்ப வருசம் கழிச்சு மாட்டுனது. அதுவும் போலி டொமைன காசு கொடுத்து ஒழுங்கா வாங்கி அனுப்பறவன ஒண்ணும் பண்ணாது, அவன் பூட்டுக்கு அவன்கிட்டயே சாவி இருக்கே.

பேங்க்லயும் இதே லட்சணம்தான். ஆர்டிஜிஎஸ், நெஃப்ட்ல அக்கவுன்ட் நம்பர் பாத்துதான் பணம் போகும், நீங்க அடிக்கற பேர் ஒத்துப்போகுதான்னு பாக்கறதில்ல. அனுப்பறதுக்கு முன்னாடி அக்கவுன்ட்காரர் பேர காட்டற வசதிய 2025 ஏப்ரலுக்குள்ள கொடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லிருச்சு, தயவுசெஞ்சு அத ஒருதடவ அமுக்கி பாருங்க.

அக்கவுன்ட் மாறுதுன்னு மெயில் வந்தா போன் போடுங்க, அந்த மெயில்ல இருக்கற நம்பருக்கு இல்ல, பழைய பில்லுல இருக்கற நம்பருக்கு. பணம் போயிருச்சுன்னா மொதல்ல சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு போன், அப்பறம்தான் முதலாளிக்கு. முதலாளிகளே, திட்டறதயும் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கங்க. அந்த பொண்ணு வேலை போயிரும்னு பயந்துட்டு தெரிஞ்சதுக்கு அப்பறமும் ரெண்டு நாள் யார்கிட்டயும் வாய தெறக்கல, நாங்க 1930க்கு கூப்பிடறப்ப அந்த அக்கவுன்ட்ல ஒத்த ரூபா இல்ல.