ரத்தத்தைப் பார்க்கும் வெளிச்சம்

காரைக்குடிக்குப் பக்கத்தில், பள்ளத்தூரில், அப்பத்தா வீட்டில் எப்போதும் ஒரு கோழி அடையில் இருக்கும். ஏழாம் நாள் இருட்டியதும் அப்பத்தா கோழியை மெல்லத் தூக்கிவிட்டு, கூடையிலிருந்து முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து டார்ச்சின் வாயில் வைப்பார். முட்டை முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். கரு பிடித்த முட்டை என்றால் நடுவே ஒரு கரும்புள்ளி, அதைச் சுற்றிச் சிலந்திக்கால் போலப் பிரியும் மெல்லிய சிவப்பு நரம்புகள். ஒன்றுமில்லாமல் வெறும் மஞ்சளாகத் தெரிந்தால், "கூமுட்டை, அங்கிட்டு எடுத்து வையி" என்பார்.

அதே வீட்டில்தான் சின்ன அத்தை, மார்பில் இருந்த கட்டியை எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். வலிக்கவில்லை, அதனால் சொல்லவில்லை. மதுரையில் காட்டியபோது, முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அப்புறம் அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் அத்தை கேட்டது ஒரே கேள்விதான்: "மருந்து கேக்குதா டாக்டர்?" டாக்டர் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு தடவை போகட்டும்மா, ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்" என்பார். அந்தக் காத்திருப்பு முடியை இழந்ததைவிடக் கொடுமையாக இருந்தது என்று அத்தை பிறகு சொன்னார். அந்தக் கேள்விக்கு விடை தேடும் கருவிகளுக்குப் பின்னால் இருப்பதும் அப்பத்தாவின் டார்ச் வேலைதான். வெளிச்சத்தை உடம்புக்குள் செலுத்தி, ரத்தம் எங்கே, எவ்வளவு என்று பார்ப்பது.

இருட்டறையில் கைபேசியின் டார்ச்சை எரியவிட்டு அதன்மேல் விரலை வையுங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். வெள்ளை வெளிச்சத்தில் இருக்கும் நீலத்தையும் பச்சையையும் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் விழுங்கிவிடுகிறது. சிவப்பு மட்டும் தப்பி வெளியே வருகிறது. சிவப்பைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பின் தொடக்கப் பகுதிக்குப் போனால் இன்னும் ஆழமாகப் புகலாம். ஏறத்தாழ 650 முதல் 950 நானோமீட்டர் அலைநீளம் வரை ஒரு சன்னல் திறந்திருக்கிறது. அதற்குக் கீழே ரத்தம் விழுங்கும். மேலே போனால் தண்ணீர் விழுங்கும். இந்த இடைவெளியில் ஒளி பல சென்டிமீட்டர் திசுவைக் கடந்துவிடும்.

இப்போது விரலை இன்னொரு தடவை உற்றுப் பாருங்கள். எலும்பு தெரிகிறதா? தெரியாது. எக்ஸ்ரேயில் அவ்வளவு கூர்மையாக விழும் எலும்பின் நிழல் இங்கே காணோம். ஒளி உள்ளே போகிறது, வெளியேயும் வருகிறது; ஆனால் நேராக வருவதில்லை. திசுவில் இருக்கும் நுண்ணிய கூறுகளில் மோதி மோதி, ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்குள்ளேயே எந்தத் திசையில் புறப்பட்டோம் என்பதை மறந்துவிடுகிறது. மார்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரும் ஒளி, நேர்தூரத்தைப் போல நான்கைந்து மடங்கு அலைந்து திரிந்துதான் வந்து சேர்கிறது. முட்டையில் நரம்பு தெரிந்தது, அது ஓட்டுக்கு அடியிலேயே, மேலாக ஓடுவதால்தான். ஆழத்தில் கிடக்கும் கட்டி அப்படித் தெரியாது.

இந்தத் துறை பல வருடம் தடுமாறியது இதனால்தான். 1929இல் நியூயார்க்கில் மேக்ஸ் கட்லர் என்ற மருத்துவர் பலமான விளக்கை மார்பின் அடியில் வைத்து, மேலே தெரியும் நிழலைப் பார்த்து ஆராய்ந்தார். விளக்கின் சூடு தோலைத் தாக்கியது. நிழலோ கலங்கலாக இருந்தது. 1980களில் அகச்சிவப்புக் கேமராக்களோடு முறை மறுபடி தலையெடுத்தது. மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் மேமோகிராமோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது ஈடுகொடுக்க முடியாமல் மறுபடி ஓரங்கட்டப்பட்டது. நிழலைப் படமாக நம்பியதுதான் பிழை என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் படம் பிடிப்பதை விட்டுவிட்டு, அளக்க ஆரம்பித்தார்கள். எங்கள் ஊர் ஊருணியை நினைத்துக்கொள்ளுங்கள். கலங்கிய தண்ணீருக்கு அடியில் எங்கேயோ ஒரு பாறை இருக்கிறது. ஒரு படியிலிருந்து தண்ணீரைச் சீராகத் தட்டிக்கொண்டே இருந்தால் அலை பரவும். மற்ற படிகளில் அலை எவ்வளவு உயரத்தோடு, எவ்வளவு தாமதமாக வந்து சேர்கிறது என்று குறித்துக்கொண்டால், பாறை எங்கே என்று கணக்குப் போட்டுவிடலாம். லேசர் ஒளியை நொடிக்குப் பத்துக் கோடி தடவை கூட்டிக் குறைத்து மார்புக்குள் அனுப்பினால், சிதறும் ஒளி உண்மையிலேயே இப்படி அலையாகப் பரவுகிறது. பல இடங்களில் உணரிகளை வைத்து அலையின் உயரத்தையும் தாமதத்தையும் அளக்கிறார்கள். ஒளி எவ்வளவு விழுங்கப்பட்டது, எவ்வளவு சிதறடிக்கப்பட்டது என்பதைக் கணினி தனித்தனியாகப் பிரித்துத் தருகிறது. விளக்கு வைத்துப் பார்த்த காலத்தில் இந்த இரண்டையும் பிரிக்கவே வழியில்லை.

அடுத்தது நிறம். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் நினைவிருக்கும். 660, 940 நானோமீட்டர் என இரண்டு ஒளியை அனுப்பி ஆக்சிஜன் அளவைச் சொல்லும் கருவி அது. இங்கேயும் அதே சூத்திரம்தான். ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் 760 நானோமீட்டருக்குப் பக்கத்தில் அதிகமாக விழுங்கும். ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின் 850க்கு மேலே அதிகமாக விழுங்கும். 800ஐ ஒட்டி இரண்டும் சமம். கொழுப்பு 930 அருகிலும் தண்ணீர் 970 அருகிலும் தங்கள் அடையாளத்தைப் பதிக்கும். ஆக, சில அலைநீளங்களை மாற்றி மாற்றி அனுப்பினால் அந்த இடத்தில் ரத்தம், ஆக்சிஜன், தண்ணீர், கொழுப்பு நான்கின் கணக்கும் வந்துவிடும்.

புற்றுக்கட்டிக்கு இந்தக் கணக்கு மாறும். வளர்வதற்குச் சோறு வேண்டுமே; அது தனக்கென்று புதிய ரத்தக்குழாய்களை இழுத்துக்கொள்கிறது. பல ஆய்வுகளில் கட்டி இருக்கும் இடத்தில் ஹீமோகுளோபின் சுற்றியுள்ள திசுவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. தண்ணீர் கூடுகிறது, கொழுப்பு குறைகிறது. நீர்க்கட்டி என்றால் ஒளி அவ்வளவாகச் சிதறாமல் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் சில சாதாரணக் கட்டிகளிலும் ரத்தம் கூடுதலாக இருக்கும். மாதவிடாய்ச் சுழற்சியோடும் அளவுகள் ஏறி இறங்கும். படத்தின் கூர்மையோ அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் நிற்கிறது. மேமோகிராம் காட்டும் பொடிப்பொடியான சுண்ணாம்புத் துகள்கள் இதில் தெரியவே தெரியாது. அதனால் மேமோகிராமும், கட்டியில் துளி சதையை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கட்டி எங்கே என்பதை அல்ட்ராசவுண்ட் காட்டட்டும், அதற்குள் என்ன நடக்கிறது என்பதை ஒளி சொல்லட்டும் என்று இரண்டையும் சேர்க்கும் முறைதான் எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது.

அத்தையின் கேள்விக்கு வருகிறேன். கீமோ வேலை செய்தால் கட்டி சுருங்கும். ஆனால் அளவு சுருங்க வாரங்கள் ஆகும். அதற்கு முன்பே உள்ளே ரத்த ஓட்டமும் ஆக்சிஜன் செலவும் மாறத் தொடங்கிவிடுகின்றன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் எர்வைன் வளாகத்தில் புரூஸ் டிராம்பெர்க் குழுவினர், கையில் பிடித்து மார்பின்மேல் நகர்த்தும் அளவுக்கு ஒரு கருவியைச் செய்து இதைத் தொடர்ந்து அளந்தார்கள். 2011இல் வெளியான அவர்களுடைய ஆய்வு ஒன்றில், மருந்துக்கு இசைந்த கட்டிகளில் முதல் ஊசி போட்ட மறுநாளே ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின் சட்டென்று உயர்ந்தது; இசையாதவற்றில் அந்த உயர்வு இல்லை. பங்கெடுத்த பெண்கள் இருபத்துச் சொச்சம் பேர்தான், அதனால் இதை வைத்து உடனே மருந்தை மாற்றிவிட முடியாது. ஆனாலும் மறுநாளே! அத்தை மாதக்கணக்கில் காத்திருந்த பதில் அது. இதில் கதிர்வீச்சு ஆபத்து இல்லை, மார்பை அழுத்தி நசுக்குவது இல்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் அளக்கலாம்.

ஒரு கவலை மட்டும் எனக்கு உண்டு. தோலின் கருமையைத் தரும் மெலனினும் ஒளியை விழுங்கும். கறுப்பினத்தவர்களிடம் ஆக்சிமீட்டர் ஆக்சிஜனைக் கூடுதலாகக் காட்டிவிடுகிறது என்று 2020இல் அமெரிக்க மருத்துவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அலைநீளம் கூடக்கூட மெலனினின் தொல்லை குறையும்; கட்டியுள்ள மார்பை மற்ற மார்போடு ஒப்பிட்டால் இன்னும் குறையும். இருந்தாலும் இந்தக் கருவிகள் நம் ஊருக்கு வரும்போது, அவற்றின் கணக்கு நம் தோலில் அளந்து சரிசெய்யப்பட்டிருக்க வேண்டும். அத்தையின் நிறம் அப்பத்தாவின் நிறம். வெயிலில் களத்துமேட்டில் நின்று இன்னும் கறுத்தது.