ரைஃபிள் பேரலின் ஆயுள் தொண்டையில் இருக்கிறது

"இந்த பேரல் இன்னும் எத்தனை ரவுண்டு தாங்கும்?" பழுது பார்க்க ரைஃபிளோடு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். எவ்வளவு வேகமாகச் சுடுவீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

குண்டு உரசி உரசித்தான் பேரல் தேய்கிறது என்பது பலருடைய நினைப்பு. உரசலுக்கும் பங்குண்டு, ஆனால் பெரிய எதிரி சூடு. வெடிமருந்து எரிந்து வரும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எஃகோ சுமார் 1,500 டிகிரியில் உருகிவிடும். ஒவ்வொரு முறையும் அந்தச் சூடு சில மில்லி விநாடிகளில் அடங்கிவிடுவதால்தான் பேரல் பிழைக்கிறது.

குண்டைச் சுழலவைக்க பேரலின் உள்ளே வெட்டியிருக்கும் சுருள் பள்ளங்கள்தான் மரை. தோட்டா அறை முடிந்து மரை தொடங்கும் இடத்தைத் தொண்டை என்போம். முழு அடியும் விழுவது அங்கேதான். போர்ஸ்கோப் என்ற, பேரலின் உள்ளே பார்க்கும் கருவியை விட்டுப் பார்த்தால், வற்றிய குளத்தின் சேறு போலப் பாளம் பாளமாக வெடித்திருக்கும். வாயு அந்த வெடிப்புகளை அரித்துக்கொண்டே போக, மரையின் தொடக்கம் முன்னே நகரும். குரூப் விரியும், அதாவது ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகள் தள்ளித் தள்ளி விழும். இரண்டு ரவுண்டுக்கு நடுவே பேரல் ஆற நேரம் விடாதவர்களுக்கு இதெல்லாம் சீக்கிரமே வந்துவிடும்.

தோட்டாவின் வகையும் முக்கியம். 308 வின்செஸ்டர் என்ற தோட்டாவின் உலோகக் கூட்டைக் கழுத்தில் சுருக்கினால் 243 வின்செஸ்டர் தோட்டா. மருந்தின் அளவு கிட்டத்தட்ட அதேதான், போகும் துளை மட்டும் சிறியது. 308 பேரல் 5,000 ரவுண்டு வரை நல்ல குறி தரும். 243 அதில் பாதியைத் தொட்டாலே நல்லது. மருந்தும் அப்படித்தான். பிரிட்டிஷ் படையின் லீ-மெட்ஃபோர்டு ரைஃபிளில் மரை ஆழமற்றது. சூடு மிகுந்த கார்டைட் மருந்து வந்ததும் அது வெகுவேகமாகத் தேய்ந்தது. 1895-ல் வேறு மரையோடு லீ-என்ஃபீல்டு வந்ததற்கு அதுவே காரணம்.

சுடாமலே கெடுப்பவர்களும் உண்டு. வாய்ப்பக்கமாகக் கிளீனிங் ராடை விட்டு இழுத்தால் வாய்விளிம்பு ஒருபக்கம் தேய்ந்து குறி போய்விடும். பின்பக்கமிருந்து, வழிகாட்டிக் குழாய் பொருத்தித்தான் விடவேண்டும். பழைய ராணுவத் தோட்டாக்களில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் பல சமயம் பேரலைத் துருப்பிடிக்கவைக்கும் உப்பை விட்டுச்செல்லும். எண்ணெயில் அது கரையாது. முதலில் தண்ணீர், பிறகு நன்றாகத் துடைத்து உலர்த்தி எண்ணெய்.

குறி தவறியதும் பேரலை மாற்றச் சொல்லி ஒருவர் வந்தார். தொண்டை நன்றாகவே இருந்தது. ஸ்கோப்பைப் பிடிக்கும் திருகு ஒன்று தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.