மேசை மேல் கிடக்கும் துப்பாக்கிக்கு எடை வரம்பு எதற்கு?

புளியரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். என்.சி.சி. முகாமில் பாயின்ட் 22 ரைபிளால் சுட்டுப் பழகியவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் பிரிவில் வெண்கலம் வென்றதும், அதே தோட்டாவை வைத்து வேறு என்னென்ன போட்டிகள் நடக்கின்றன என்று தேடியிருக்கிறார். பென்ச்ரெஸ்ட் கண்ணில் பட்டிருக்கிறது. "தோளில் தாங்கிச் சுடும் போட்டி என்றால் எடைக்கு வரம்பு வைப்பது புரிகிறது சார். இதில் மேசைதானே சுமக்கிறது? அப்புறம் எதற்கு எடைப்படி பிரிவு?" என்கிறார்.

நல்ல கேள்வி. போட்டி இதுதான்: துப்பாக்கியின் முன்பக்கம் ஒரு தாங்கியில், பின்பக்கம் மணல் பையில். அட்டையில் 25 சின்ன இலக்குகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே குண்டு, மொத்தம் 250 புள்ளி. அமெரிக்காவின் ஐஆர் 50/50 என்ற போட்டி அமைப்பின் விதிப்படி ஸ்போர்ட்டர் பிரிவில் ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்து 7.5 பவுண்டுக்கு மேல் கூடாது, அதாவது 3.4 கிலோ. அடுத்த இரண்டு பிரிவுகளுக்கு வரம்பு 10.5, 13.5 பவுண்டு. ஸ்போர்ட்டரில் ஸ்கோப்பும் 6.5 மடங்கோடு சரி. மற்றவற்றில் 36, 45 மடங்கு வைத்து முந்தைய குண்டு போட்ட ஓட்டையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு சுடலாம்.

எடைக்கு வருவோம். உந்தம் மாறாது என்று பள்ளியில் படித்ததுதான். குண்டு 2.6 கிராம். அது 60 சென்டிமீட்டர் குழலைக் கடந்து வெளியே வருவதற்குள், 3.4 கிலோ துப்பாக்கி கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் பின்னால் நகர்ந்துவிடும். 13.5 பவுண்டு துப்பாக்கி அதில் பாதிக்குச் சற்று மேல்தான் நகரும். குண்டின் வேகம் இந்தக் கணக்கில் வரவே வராது. நிறைகளும் குழலின் நீளமும் போதும். குண்டு உள்ளே இருக்கும்போதே துப்பாக்கி மணல் பை மேல் சறுக்குகிறது என்றால், பையின் ஒவ்வொரு மேடு பள்ளமும் இலக்கு அட்டையில் தெரியும். எடை கூடக்கூட இந்தத் தொல்லை குறைகிறது.

இன்னொரு காரணம் குழலின் தடிமன். உருளையான கம்பியின் வளையாத தன்மை விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். விட்டத்தை 20 சதவீதம் கூட்டினால் விறைப்பு இரண்டு மடங்கு. எடை அனுமதிப்பதே தடித்த குழலை அனுமதிப்பதுதான். ஆக, மேசை சுமந்தாலும் கனத்த துப்பாக்கிக்கே வசதி அதிகம். பிரிக்காமல் விட்டால் எல்லோரும் தண்டவாளத் துண்டோடு வந்து உட்காருவார்கள்.

எனக்கு இதில் மிகப் பிடித்தது இனிமேல்தான் வருகிறது. பாயின்ட் 22 தோட்டா ரிம்ஃபயர் வகை; அதில் தீப்பற்றும் மருந்து அடிவிளிம்புக்குள் இருக்கிறது. சுட்ட கேஸை, அதாவது வெற்றுக் கூட்டை, மறுபடி நிரப்ப முடியாது. தீப்பற்றும் மருந்து அடி நடுவில் இருக்கும் சென்டர்ஃபயர் தோட்டாக்காரர்கள் வெடிமருந்தைத் தாங்களே நிறுத்துப் போடுகிறார்கள். ரிம்ஃபயர்காரர்கள் கம்பெனி கொடுத்ததைத்தான் சுட வேண்டும். ஒரே பெட்டியிலேயே ஒரு குண்டு நொடிக்கு 325 மீட்டரில் போகும், அடுத்தது 320இல் போகும். வேகம் குறைந்த குண்டு 50 மீட்டரில் மற்றதைவிட ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் கீழே விழும். குண்டின் விட்டமே 5.6 மில்லிமீட்டர்தான் என்னும்போது இது பெரிய இடி.

சுட்டதும் குழல் அதிர்கிறது, வாய் மேலும் கீழும் ஆடுகிறது. வேகம் குறைந்த குண்டு குழலை விட்டு வெளியே வரவும் சற்றுத் தாமதமாகும். நொடியில் லட்சத்தில் சில பங்கு. அந்த நேரத்தில் வாய் மேலே எழும்பிக்கொண்டிருந்தால்? தாமதமாக வரும் குண்டு கொஞ்சம் கூடுதல் கோணத்தில் கிளம்பும். வேகமான குண்டு தாழ்ந்த கோணத்தில் கிளம்பியிருக்கும். இரண்டும் வேறு வேறு பாதையில் பறந்து 50 மீட்டரில் ஒரே இடத்தில் வந்து சேரும்! அதிர்வை ஒழிக்கவே இல்லை. அதை வைத்தே பிழையைத் திருத்திவிட்டார்கள். இந்த ஏற்பாடு ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குத்தான் சரிவரும் என்பதையும் கவனியுங்கள். 50க்குப் பொருத்தியது 100இல் பலிக்காது.

எழும்பும் நேரத்தைப் பிடிக்க, குழல் முனையில் டியூனர் என்ற மரை போட்ட எடையை மாட்டுகிறார்கள். ஸ்கேலை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். நுனியில் ரப்பரை ஒட்டிவிட்டுத் தட்டினால் ஆட்டம் மெதுவாகும். அதே வேலைதான். டியூனரை மரையில் சில கோடு திருகினால் அதிர்வு நேரம் துளி மாறும். இதைக் காட்டக் கல்லூரி ஆய்வகத்துக்குத் தனி நிதி வேண்டியதில்லை, ஃபோனில் இருக்கும் ஸ்லோ மோஷனே போதும்; ஆனாலும் நம் பாடத்திட்டம் அதிர்வைக் கரும்பலகையோடு முடித்துக்கொள்வது எனக்கு எரிச்சல்தான். எடை வரம்பு இங்கேயும் கடிக்கும். டியூனரும் மொத்த எடையில் சேர்த்தி, 7.5 பவுண்டுக்குள் நிற்க, குழலிலோ ஸ்டாக் என்ற பிடிக்கட்டையிலோ அந்த அளவு எடையைச் சீவியாக வேண்டும்.

இன்ன லாட் (ஒரே தொகுதியாகத் தயாரித்த) தோட்டா இந்தத் துப்பாக்கிக்கு ராசி என்று சொல்பவர்கள் உண்டு. ஆயுத பூஜைக்குக் குங்குமம் வைப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த ராசி என்பது, அந்த லாட்டின் வேகமும் அந்தக் குழலின் அதிர்வும் பொருந்திப்போனது மட்டுமே. லாட் மாறினால் டியூனரைத் திருகிப் பாருங்கள், எலுமிச்சம்பழத்தை விட்டுவிடுங்கள்.

புளியரைத் தம்பிக்கு ஒன்று. ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாக உங்கள் ஊருக்குள் இறங்கும் காற்றுக்கு டியூனர் பதில் சொல்லாது. நொடிக்கு 3 மீட்டர் குறுக்குக் காற்றே 50 மீட்டரில் குண்டை 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல் தள்ளும். வேகமான தோட்டா வாங்கினால் தப்பலாம் என்று நினைத்துவிடாதீர்கள், அது இன்னும் அதிகம் தள்ளப்படும். காற்று தள்ளும் அளவு குண்டு பறக்கும் மொத்த நேரத்தைப் பொறுத்ததல்ல. காற்றுத் தடையால் அது எவ்வளவு தாமதப்பட்டது என்பதைப் பொறுத்தது. ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கிளம்பும் 22 குண்டுக்குத் தடை சட்டென்று ஏறுவதால் தாமதமும் கூடிவிடுகிறது. பென்ச்ரெஸ்ட்காரர்கள் ஒலிவேகத்துக்குக் கீழே உள்ள தோட்டாவையே தேடி வாங்குவது அதனால்தான்.