திறந்து பார்த்தால் ஒரு சுருளும் ஒரு விசிறியும்

சமையலறை இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். என் மேசைக்கு வருபவை எல்லாம் உழைத்துத் தேய்ந்தவை என்று நினைத்துவிட வேண்டாம். சும்மா இருந்தே கெட்டுப்போனவையும் நிறைய வருகின்றன. புதுப் பொருள் வாங்கும் ஆசையைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி அவ்வளவுதான்.

அண்மையில் ஒரு ஃபுட் பிராசஸர் வந்தது. "உறுமுகிறது, ஆனால் சுற்ற மாட்டேன் என்கிறது" என்றார் கொண்டுவந்தவர். அடிமூடியைக் கழற்றினேன். மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும், ஓட ஓடத் தேயும் கார்பன் பிரஷ்கள் நேற்றுப் போட்டவை போல முழு நீளத்தில் இருந்தன. கோளாறு, தண்டைத் தாங்கும் சிறு வளையமான புஷ்ஷில். அதிலிருந்த எண்ணெய் நாள்பட்டுப் பிசினாகி, தண்டை இறுகப் பிடித்திருந்தது. துடைத்துவிட்டுப் புதிதாக இரண்டு சொட்டு விட்டதும் ஓடத் தொடங்கியது. கூடவே வந்த பையில் சீவும் தட்டு, துருவும் தட்டு, மாவு பிசையும் கத்தி, சாறு பிழியும் கூம்பு என்று எல்லாம் இருந்தன. ஒன்றைத் தவிர மற்றவை பாலித்தீன் உறையைவிட்டு வெளியே வந்ததே இல்லை.

மோட்டாருக்கு ஓட்டம் வேண்டும். கிடப்பில் போட்டால் ரப்பர் வளையம் விறைக்கும், கத்தியின் அடியில் துரு ஏறும், சர்க்யூட் போர்டில் கரப்பான்பூச்சி குடித்தனம் நடத்தும். கடைசியாகச் சொன்னது வேடிக்கைக்கு அல்ல. பிளக்கைப் பிடுங்காமல் வைத்திருக்கும் பொருளின் உள்ளே இலேசான வெதுவெதுப்பு இருக்கும், கரப்பானுக்கு அந்த இடம் போதும்.

ஏன் கிடப்பில் போகிறது? பெரும்பாலும் கழுவும் வேலைதான் காரணம். விளம்பரத்தில் கை நிறையக் காய்கறி உள்ளே போகிறது, நொடியில் துண்டுகளாகி வெளியே வருகிறது, படம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதன் பிறகு கிண்ணம், மூடி, தள்ளுகட்டை, கத்தி, வளையம் என்று கழுவ வேண்டியவற்றைக் காட்ட எந்த நிறுவனமும் காசு செலவழிக்காது. ஒரு வெங்காயத்தை நறுக்கக் கத்தியும் பலகையும் போதும், இரண்டையும் அலசி வைக்க அரை நிமிடம் ஆகாது. மெதுவாகப் பிழியும் ஜூஸரின் சல்லடை இதில் எல்லாவற்றையும் மிஞ்சும். சக்கை காய்வதற்குள் பிரஷ் போட்டுத் தேய்க்காவிட்டால் சல்லடைக் கண்கள் அடைத்துக்கொள்ளும். அடுத்த முறை சாறு சரியாக இறங்காது, "மோட்டாருக்கு வலு குறைந்துவிட்டது" என்று என்னிடம் வரும்.

பெயர்கள் புதிதாக வந்துகொண்டே இருந்தாலும், உள்ளே இருப்பவை எண்ணி ஒரு சில உறுப்புகளே: சூடேற்றும் சுருள், விசிறி, மோட்டார், வெப்பநிலையைப் பார்த்து நிறுத்தும் தெர்மோஸ்டாட், டைமர். சூடான காற்றைச் சுழற்றி மொறுமொறுப்பாக்கும் ஏர் ஃபிரையரைத் திறந்தால் மேலே ஒரு சுருளும் அதற்கு மேல் ஒரு விசிறியும்தான். 2010-இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் அந்தப் பெயரில் சந்தைக்குக் கொண்டுவருவதற்கு வெகுகாலம் முன்பே, விசிறி வைத்த கன்வெக்‌ஷன் அவன் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. இடம் சிறியது என்பதால் ஏர் ஃபிரையர் விரைவில் சூடாகிறது, அது உண்மையான நன்மை. ஆனால் காற்று புகுந்து போனால்தான் மொறுமொறுப்பு வரும். கூடையை நிரப்பி அடைத்தால் உள்ளே இருப்பது வெந்து வதங்கித்தான் வரும். ஓரிருவர் உள்ள வீட்டுக்கு இது பொருந்தும். ஆறு பேருக்கு என்றால் தவணை தவணையாக வைத்து எடுத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். விசாலமான, விசிறி வைத்த அவன் அடுப்பு ஏற்கெனவே வீட்டில் இருந்தால் எனக்குத் தெரிந்தவரை இது அநாவசியம்.

மின்சார மல்டி குக்கரும் அப்படித்தான். பிரெஞ்சு அறிவியலாளர் டெனி பாப்பின் 1679-இல் காட்டிய அழுத்தக் கலத்துக்கு ஒரு சென்சாரும் டைமரும் சேர்த்தால் அது. பொத்தானில் போட்டிருக்கும் பத்து நிமிடம் அழுத்தம் ஏறிய பிறகு எண்ணப்படுவது. சூடேறும் நேரமும் ஆவி இறங்கும் நேரமும் அந்தக் கணக்கில் சேராது. அடுப்பில் வைக்கும் குக்கரைவிட அழுத்தமும் பல மாடல்களில் சற்றுக் குறைவு. அவசரத்துக்கு வாங்கியவர்கள் ஏமாறுவது இதில்தான். வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறவர்களுக்கோ, அடுப்பை அணைக்க மறந்துவிடும் முதியவர்கள் இருக்கும் வீட்டுக்கோ நானே இதைச் சொல்வேன். மூட்டுவலியால் கத்தி பிடிக்க முடியாதவருக்குச் சிறிய மின்சார சாப்பர் ஆடம்பரம் ஆகாது. யாருக்கு எந்த வேலை கடினம் என்று தெரிந்து வாங்கிய பொருள் வீட்டில் நிலைத்து ஓடுகிறது. அவை என்னிடம் வருவது நியாயமான தேய்மானத்தோடுதான்.

கடையில் வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். சில பெட்டிகளில் மோட்டார் ஒரு கணம் தாங்கும் உச்ச அளவைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். தொடர்ந்து தாங்கும் அளவு அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்பதும் அங்கேயோ கையேட்டிலோ இருக்கும். கையால் பிடித்து அரைக்கும் பிளெண்டர் பலவற்றுக்கு அது ஒரு நிமிடம்தான். அதைப் பார்க்காமல் ஓட்டிக் கருகவிட்ட மோட்டார்ச் சுருளின் நாற்றம் எனக்கு நன்றாகப் பழக்கம்.

வளையம், மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளர், ஜார் ஆகியவை தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் விட்டுவிடுங்கள். இரண்டு வசதியும் ஒரே விலையில் கிடைத்தால் தொடுதிரையை விட்டுவிட்டுத் திருகு குமிழையே எடுங்கள். குமிழ் பழுதானால் மாற்றித் தந்துவிடலாம். ஆவி புகுந்த தொடுதிரைக்கு முழுப் பலகையையே மாற்ற வேண்டிவரும், அந்தப் பலகை கிடைத்தால்.

எங்கே வைப்பது என்பதோடு, எங்கே செருகுவது என்பதையும் யோசிக்க வேண்டும். 1,500 வாட் ஏர் ஃபிரையரும் 2,000 வாட் கெட்டிலும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஓடினால், 230 வோல்ட்டில் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாதாரணப் பெட்டிகள் பலவும் அந்த அளவுக்குச் செய்யப்பட்டவை அல்ல. முதலில் பிளக்கின் ஊசி அருகே பிளாஸ்டிக் பழுப்பேறும், பிறகு இளகும். இந்த நிலையில் வருகிறவர்கள் பிளக்கை மட்டும் மாற்றித் தரச் சொல்கிறார்கள். சாக்கெட்டின் உள்தகடும் சூட்டில் பிடிப்பு இழந்திருக்கும், அதையும் சேர்த்து மாற்றாவிட்டால் புதுப் பிளக்கும் அங்கேயே கருகும்.