கிளிமஞ்சாரோவில் இறங்கிய கால்கள் பெர்லினில் ஓடும்போது

தான்சானியாவில் உள்ள கிளிமஞ்சாரோ மலை ஏற்றத்துக்கு ஏற்ற வறண்ட மாதங்கள் ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை நீள்கின்றன. பெர்லின் மாரத்தான் செப்டம்பர் இறுதியில் வருகிறது. ஒரே விடுமுறையில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் ஒரு கணக்கை மனதில் வைத்திருப்பார்கள்: உயரத்தில் ஒரு வாரம் இருந்தால் சிவப்பணுக்கள் பெருகும், சமவெளியில் அது இலவச பலம். இந்தக் கணக்கில் விடுபட்டுப்போவது மலை இறக்கம். ஓட்டத்தைத் தீர்மானிக்கப்போவதும் அதுதான்.

கிளிமஞ்சாரோவின் ஏறுபாதைகளில் ஒன்றான மச்சாமே பாதையில் சிகர நாள் நள்ளிரவில் தொடங்கும். ஏறத்தாழ 4,670 மீட்டரில் உள்ள பராஃபு முகாமிலிருந்து 5,895 மீட்டர் உகுரு சிகரத்துக்கு ஏறி, அன்றே சுமார் 3,100 மீட்டரில் உள்ள ம்வேகா முகாமுக்கு இறங்க வேண்டும். மறுநாள் 1,640 மீட்டரில் உள்ள பூங்கா வாயிலுக்கு. ஒன்றரை நாளில் நாலாயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம்.

ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கியபடி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை பிரேக் ஆகிறது. உடல் எடை முழங்காலை மடக்கப் பார்க்கிறது. தசை அதை எதிர்த்து இறுகிக்கொண்டே நீள்கிறது. இப்படி நீளும்போது குறைந்த நார்களே மொத்தச் சுமையையும் தாங்குவதால், ஒவ்வொரு நாருக்கும் இழுவிசை அதிகம். நாருக்குள் அடுக்கடுக்காக இருக்கும் சார்கோமியர்களில் (தசையைச் சுருங்க வைக்கும் நுண் அலகுகள்) பலவீனமானவை அளவுக்கு மீறி இழுபட்டுக் குலைகின்றன. செல் சவ்வு கிழிந்து கால்சியம் உள்ளே கசிகிறது, அழற்சி தொடங்குகிறது. வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொடும்.

ஐந்தாம் நாள் வலி ஏறக்குறைய போய்விடும். ஏமாறுவது இங்கேதான். தசையின் பலம் வலியை விட மெதுவாகத் திரும்பும். கடுமையான இறக்கத்துக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். மாரத்தானில் சுமார் 40,000 முறை பாதம் தரையைத் தொடுகிறது. ஒவ்வொரு முறையும் முன்தொடை செய்வது அதே பிரேக் வேலை. அடிபட்ட தசை முதல் 25 கிலோமீட்டருக்கு ஒத்துழைத்துவிட்டு, அதற்குப் பிறகு முழங்காலைத் தாங்க மறுக்கும். பெர்லின் பாதை சமதளம் என்பது ஓரளவு உதவும், காப்பாற்றாது.

இன்னொரு நஷ்டம் எரிபொருளில். நல்ல தசை, போதிய மாவுச்சத்து கிடைத்தால் தசை சேமித்துவைக்கும் எரிபொருளான கிளைக்கோஜனை ஏறத்தாழ ஒரு நாளில் நிரப்பிக்கொள்ளும். காயம்பட்ட தசைக்குப் பல நாட்கள் வேண்டும். எனவே இறங்கி வந்த மூன்றாம் நாள் எவ்வளவு பாஸ்தா சாப்பிட்டாலும் தொட்டி நிறையாது.

சரி, இரத்தம்? உயரத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் சிறுநீரகம், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஹார்மோனைக் கூட்டுகிறது. ஓரிரு நாளில் அது உச்சத்துக்குப் போகிறது. ஆனால் எலும்பு மஜ்ஜை புதிய சிவப்பணுக்களை உருவாக்கி வெளியே விட நாட்கள் ஆகும். மொத்த ஹீமோகுளோபின் கூடும் வேகம், பயிற்சி பெற்ற வீரர்களிடம்கூட, 100 மணி நேரத்துக்குச் சுமார் 1 சதவீதம்தான். மலையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எண் எகிறுவதற்குக் காரணம் வேறு: உடல் நீரை வெளியேற்றி, இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைக் குறைப்பதால் இரத்தம் கெட்டியாகிறது. கீழே வந்து பிளாஸ்மா மீண்டதும் அந்த எண்ணும் இறங்கிவிடும். பசியும் தூக்கமும் கெட்டு ஒரு வாரம் கழித்ததற்கு ஈடாகும் லாபம் அதில் இல்லை.

மூச்சும் சில நாட்கள் ஒத்துவராது. உயரத்தில் வேகமாகச் சுவாசித்து கார்பன் டை ஆக்சைடை இழப்பதால், சமன் செய்ய சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றுகிறது. அமிலத்தைத் தாங்கும் அந்தக் கையிருப்பு மீளும்வரை, வழக்கமான வேகத்திலேயே மூச்சு வாங்கும். நோய் என்று பயப்பட வேண்டாம். சில நாளில் சரியாகும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறினாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீரிழப்போடு நீண்ட விமானப் பயணமும் சேர்ந்தால் கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. விமானத்தில் மணிக்கு ஒரு முறையாவது எழுந்து நடப்பது அவசியம்.

மலையில் உயர நோயைத் தடுக்கப் பலர் எடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றியும் சொல்ல வேண்டும். அதிலுள்ள அசெட்டசோலமைடு, உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில் சிறுநீர்ப்பெருக்கியாக எப்போதும் தடை செய்யப்பட்ட மருந்து. பரிசோதனைக்கு உட்படும் நிலையில் ஓடுபவர்கள் மலைக்குப் போகும் முன்பே விதிவிலக்கு கேட்க வேண்டும். மற்றவர்களுக்கும், நீரை வெளியேற்றும் மாத்திரை ஓட்ட நாளுக்கு நெருக்கத்தில் தேவையில்லை.

அப்படியானால் எத்தனை நாள் இடைவெளி? மூன்று வாரம் நல்லது, இரண்டு வாரம் குறைந்தபட்சம். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் நேர இலக்கைக் கைவிட்டு, நடையும் ஓட்டமுமாக முடிக்கத் தயாராக வேண்டும்.

உண்மையான தயாரிப்பு மலைக்கு முன்பே நடக்கிறது. 30, 32 கிலோமீட்டர் நீண்ட ஓட்டங்களை அப்போதே முடித்துவிட வேண்டும். வாரம் இரு முறை படிக்கட்டில் இறங்கும் பயிற்சியும் வேண்டும்: முதலில் 10 மாடி, பிறகு படிப்படியாக 40. ஒரு முறை இறக்கத்துக்குப் பழகிய தசை அடுத்த முறை குறைவாகவே சேதமடைகிறது, அந்தப் பாதுகாப்பு வாரக்கணக்கில் நீடிக்கிறது. மலையில் இரண்டு ஊன்றுகோல்கள், சின்ன அடிகள். இறங்கும் முன் பூட்ஸின் கணுக்கால் பகுதியை இறுக்கிக் கட்டாவிட்டால் விரல் நுனி மோதி நகம் கறுக்கும்.

இறங்கிய முதல் வாரம் ஓட்டமே வேண்டாம்; நடை, நீச்சல், சைக்கிள் போதும். தூக்கத்துக்கு முதலிடம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 100 கிராம் புரதம். இரண்டாம் வாரம், கைப்பிடியைப் பிடிக்காமல் மூன்று மாடி வலியின்றி இறங்க முடிந்தால் 30 முதல் 60 நிமிட மெதுவோட்டம். நீண்ட ஓட்டம் 15 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. கடைசி இரண்டு நாள் எடையில் கிலோவுக்கு 8 கிராம் மாவுச்சத்து, அதாவது அதே 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 480 கிராம். தான்சானியாவுக்கும் பெர்லினுக்கும் அப்போது ஒரு மணி நேரமே வித்தியாசம் என்பதால் உடல் கடிகாரம் குழம்பாது. அக்டோபரில் சிகாகோ என்றால் 8 மணி நேரம். அதற்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்க வேண்டும்.

ஓட்ட நாளில் முதல் 10 கிலோமீட்டரை, திட்டமிட்டதை விட கிலோமீட்டருக்கு 10 முதல் 15 விநாடி மெதுவாக ஓடலாம். தாகத்துக்கு ஏற்பவே தண்ணீர். வழியில் உள்ள ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். வலிக்கு இபுபுரூஃபென் வேண்டவே வேண்டாம். சிதைந்த தசையிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற புரதத்தை வடிகட்டும் வேளையில் சிறுநீரகத்துக்கான இரத்த ஓட்டத்தை அந்த மாத்திரை குறைக்கிறது. ஓட்டத்துக்குப் பிறகு சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால், விடுதிக்குப் போய்ப் படுத்துக்கொள்ளாமல் நேராக மருத்துவமனைக்குச் சென்று, எத்தனை நாள் முன்பு மலை இறங்கினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.